மகளின் தாடை மூட்டில் இரட்டைத் தலை: அவசரமா, காத்திருக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 13 வயது மகளைப் பல் கம்பி போட அழைத்துப் போயிருக்கிறார், அங்கே தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது தாடை மூட்டின் எலும்புத் தலை இரண்டாகப் பிரிந்தது போலவும், இடது பக்கத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் தெரிகிறது, இது அரிய வளர்ச்சிக் குறைபாடு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். மோவாய் லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வாய் திறந்தால் 'டக்' என்று சத்தம் வரும், வலி இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். 3 வயதில் படிக்கட்டில் விழுந்ததுதான் காரணம் என்கிறார் கணவர். கைப்பேசியில் தேடினால் விலா எலும்பை எடுத்துத் தாடையில் வைக்கும் அறுவை சிகிச்சைதான் கண்ணில் படுகிறது. உடனே ஏதாவது செய்ய வேண்டுமா, பள்ளியில் சிலம்பம் ஆடுவதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கேள்வி நீளமாக இருந்தாலும் அடியில் இருப்பது இரண்டுதான்: இது எதனால் வந்தது, இனி எப்படிப் போகும். முதல் கேள்விக்கு மருத்துவம் பல நேரம் உறுதியான பதில் தராது. இரண்டாவதற்குத் தரும், ஆனால் ஒற்றைப் படத்தை வைத்து அல்ல; கொஞ்ச காலம் விட்டு எடுத்த இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால்தான். நான் கோலாலம்பூரில் வாய், முகத்தாடை அறுவைத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகளின் படத்தையோ முகத்தையோ நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதை அவளுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது, என்ன சொல்வது என்பதற்கு இது உதவினால் போதும்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலை; மருத்துவர்கள் கன்டைல் என்பார்கள். அது மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் நார்த்திசுவால் ஆன மெல்லிய வட்டு. வாய் திறக்கும்போது அந்தத் தலை முதலில் சுழலும், அப்புறம் முன்னால் வழுக்கும். அதன் உச்சியில் ஒரு குருத்தெலும்புத் தொப்பி உண்டு. பதின்ம வயது முடியும்வரை கீழ்த்தாடையின் உயரத்துக்கும் நீளத்துக்கும் அந்தத் தொப்பியின் வளர்ச்சி பெரிய பங்கு. ஒரு பக்கத் தொப்பி சோம்பினால் மோவாய் அந்தப் பக்கம் இழுபடும். ஒரு பக்கம் மட்டும் மிதமிஞ்சி வளர்ந்தால் மோவாய் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கருவில் இந்த மூட்டு ஏறக்குறைய 7, 8-ஆம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, 12 முதல் 14 வாரத்துக்குள் மூட்டு என்று சொல்லும்படி வடிவம் பெறுகிறது. அதற்கு முன்பே கருவில் வேறொரு தாடை மூட்டு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிற்காலத்தில் நடுக்காதின் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் ஆகப்போகிற இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள மூட்டு அது. ஊர்வனவற்றுக்கு இன்றும் அதுதான் தாடை மூட்டு. இந்த உறவை 1837-லேயே ரைகெர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் எடுத்துக்காட்டிவிட்டார். நமக்கு இதில் என்ன என்றால், தாடையும் காதும் கருவில் ஒரே இடத்துப் பிள்ளைகள். பிறவியில் தாடைத் தலை சரியாக உருவாகாத குழந்தைகளில் பலருக்குக் காதிலும் ஏதாவது அடையாளம் இருக்கும். தாடை ஒரு பக்கம் சிறிதாக இருக்கிறது என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது காதைத்தான்.

பிறவியிலோ வளரும்போதோ இந்த மூட்டில் வரும் குறைகளைப் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம்: தலை இல்லாமலே போவது, சிறுத்துப் போவது, மிதமிஞ்சி வளர்வது, இரண்டாகப் பிரிவது. தலை மட்டும் தனியாக இல்லாமல் போவது மிக மிக அரிது. அப்படி ஒரு நிலை வந்தால் பெரும்பாலும் அது முகத்தின் ஒரு பாதி முழுவதும் குறைவாக வளரும் கோளாறின் ஒரு பகுதியாக இருக்கும். அந்தக் கோளாறு ஏறக்குறைய 3,500 முதல் 5,600 பிறப்புகளுக்கு ஒன்று என்று புத்தகங்கள் சொல்கின்றன. முகப்பிறவிக் குறைகளில் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 1952-இல் கோல்டன்ஹார் விவரித்த வகையில் கண்ணிலும் கழுத்துப் பகுதி முதுகெலும்பிலும்கூடக் குறை சேர்ந்து வரும். இரண்டு பக்கமும் சமமாகப் பாதிக்கும் டிரீச்சர் காலின்ஸ் நோய்க்கூட்டு இன்னும் அரிது, ஏறக்குறைய 50,000 பிறப்புகளுக்கு ஒன்று. காது மடல் கேள்விக்குறி போல நடுவில் வெட்டுப்பட்டு, தாடைத் தலையும் சிறுத்திருக்கும் ஒரு மரபணு நோயும் உண்டு. அதை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காத மருத்துவர்களே அதிகம். செவிக்குழாய்க்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள எலும்பில் குழந்தைப் பருவத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும், சுமார் 5 வயதுக்குள் மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாமலே நின்றுவிடும். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்தப் பெரிய நோய்களில் ஒன்றா உங்கள் மகளுக்கு என்று நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். காது குத்தியபோது இரண்டு மடலும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருந்தனவா? காதுக்கு முன்னாலோ கன்னத்திலோ சின்னச் சதைத்துண்டு, துளை ஏதாவது உண்டா? சிரிக்கும்போது வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போகிறதா? காது நன்றாகக் கேட்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்து, 13 வயது வரை யாரும் எதையும் கவனிக்கவில்லை என்றால், கடுமையான பிறவிக் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இலேசான வகை ஒன்று ஒளிந்திருக்கலாம் என்பதை மட்டும் முழுதாக ஒதுக்க முடியாது. அதனால் ஒரு தடவை செவித்திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஊசி இல்லை, வலி இல்லை.

இப்போது இரட்டைத் தலைக்கு வருவோம். இதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் மருத்துவரிடம் வந்த நோயாளியைப் பார்த்து எழுதவில்லை. 1941-இல் அலெஷ் ஹர்ட்லிச்கா என்ற மானுடவியலாளர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருந்த பழைய தாடையெலும்புகளில் இதைக் கண்டு பதிவு செய்தார். அந்த எலும்புகளுக்குச் சொந்தக்காரர்கள் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே மென்று தின்று வாழ்ந்து முடித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்றும் கதை அதுதான். வேறு காரணத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவரும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். வலி இருக்காது. பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது, ஆனால் சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படம் வந்த பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுகிறது. அரியது என்று அறிக்கையில் எழுதியிருப்பது எத்தனை பேருக்கு வரும் என்பதைப் பற்றி. எவ்வளவு ஆபத்து என்பதைப் பற்றி அல்ல.

அதற்கும் முன்னால், அது நிஜமாகவே இரட்டைத் தலையா என்று பார்க்க வேண்டும். ஓ.பி.ஜி. என்பது வளைந்த தாடையைத் தட்டையாக விரித்துக் காட்டும் படம். படம் எடுக்கும்போது பிள்ளை தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் ஒரு பக்க எலும்பு அகலமாகவும் மற்றது ஒல்லியாகவும் விழும். தலையின் மேல் இயல்பாக உள்ள சிறு பள்ளம்கூட அந்தக் கோணத்தில் பிளவு போலத் தெரியலாம். வலது சிறியது, இடது பெரியது என்று ஓ.பி.ஜி.யை மட்டும் வைத்து முடிவு கட்டிய அறிக்கையை நான் முழுதாக நம்ப மாட்டேன். மூட்டைக் குறிவைத்து ஒரே ஒரு சி.பி.சி.டி. எடுத்தால் சந்தேகம் தீரும். வட்டின் நிலையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், ஆனால் வலியோ வாய் திறப்பதில் சிரமமோ இல்லாதவரை அதற்கு இப்போது தேவை இல்லை.

அது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். எப்படி வந்திருக்கும்? குழந்தையின் தாடைத் தலைக் குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய்களைக் கொண்டுபோகும் மெல்லிய நார்த்தடுப்புகள் உண்டு. அவை வளர வளர மறைய வேண்டும். மறையாமல் நின்று எலும்பாவதைத் தடுத்தால் தலை இரண்டாகப் பிரியலாம் என்று 1957-இல் பிளாக்வுட் எழுதினார். பொருத்தமான விளக்கம், ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையிடம் அதுதான் நடந்தது என்று நிரூபிக்க வழி இல்லை. இன்னொரு வழி அடிபடுவது. சின்னப் பிள்ளை மோவாய் தரையில் மோதி விழுந்தால் அந்த அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும், தலை நெடுக்காகப் பிளக்கும். வாய் இரண்டு நாள் வலித்துவிட்டு அடங்கிவிடும், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். எலும்பு கூடி ஆறும்போது இரண்டு தலையாக ஆறிவிடும். இது பலமுறை முன்னும் பின்னும் படம் எடுத்து உறுதி செய்யப்பட்ட விஷயம். ஆகவே உங்கள் கணவர் சொல்வதை ஒதுக்க முடியாது. மகளின் மோவாய்க்கு அடியில் பழைய தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அவர் பக்கம் ஒரு சாட்சி. இல்லை என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. முன்னும் பின்னுமாகப் பிரிந்தால் அடிபட்டது, பக்கவாட்டில் பிரிந்தால் பிறவி என்று சிலர் ஒரு விதி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நெடுக்காகப் பிளந்த முறிவு பக்கவாட்டு இரட்டைத் தலையாக ஆறியதை நானே பார்த்திருக்கிறேன்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதில் எனக்கு எந்த ஐயமும் கிடையாது. கர்ப்ப காலத்தில் முக வளர்ச்சியைக் கெடுக்கும் என்று தெரிந்தவை சில உண்டு: முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை அதில் முக்கியமானது, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவுக்கும் ஒருபக்க முகக்குறைக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் அவை முகம், காது, இதயம் என்று பெரிதாகப் பாதிக்கும் விஷயங்கள். தனியாக ஒரு பக்கம் தாடைத் தலை மட்டும் பிரிவதற்கு, தாய் செய்த ஒரு காரியத்தைக் காரணமாகக் காட்ட இதுவரை எந்த ஆதாரமும் இல்லை. மாமியாரிடம் இதை வைத்து வாதாடச் சொல்லவில்லை. நீங்கள் மனதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி.

எனக்கு இரட்டைத் தலையைவிட முக்கியமாகப் படுவது மோவாய் ஒதுங்கியிருப்பது. வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றால் வலது தலை சிறுத்திருக்கலாம், அல்லது இடது தலை மிதமிஞ்சி வளரத் தொடங்கியிருக்கலாம். கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் இரண்டுக்கும் போகும் பாதை வேறு. சிறுத்தது என்றால் சாய்வு சின்ன வயதிலிருந்தே இருந்து, மெல்ல மெல்லக் கூடும். மிதமிஞ்சி வளர்வது பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும், பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும், மற்ற எலும்பெல்லாம் வளர்ந்து முடிந்த பிறகும் தொடரலாம். அறிக்கையில் வலதைப் பற்றி எழுதியிருப்பதால் எல்லோரும் வலதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், இடதைப் பார்க்க மறந்துவிடுவார்கள். இதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: வலது சிறியதா, இடது பெரியதா?

இதற்குப் பதில் பெரும்பாலும் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். முகம் நேராகத் தெரியும் பழைய படங்களை எடுங்கள்: ஒரு வயதுப் பிறந்தநாள், பாலர் பள்ளி, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், கடப்பிதழ், 12 வயதில் மைகாட் அடையாள அட்டை எடுத்தபோது பிடித்தது. இரண்டு கண்ணுக்கு நடுவிலிருந்து நேர்கோடு கீழே இறக்கினால் மோவாய் அந்தக் கோட்டில் இருக்கிறதா? 2 வயதிலேயே விலகியிருந்தால் பிறவி பக்கம் எடை கூடுகிறது. 3 வயதுக்குப் பிறகு மெல்ல விலகியிருந்தால் அந்தப் படிக்கட்டு மேல் சந்தேகம். 11 வயது வரை நேராக இருந்து கடந்த ஓராண்டில் விலகியிருந்தால் அதுதான் என்னை அவசரப்படுத்தும். அப்போது இடது பக்கம் மிதமிஞ்சி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும், கூடவே சிறார் மூட்டு அழற்சியையும் ஒதுக்க வேண்டும். அந்த அழற்சி தாடை மூட்டை வலியே இல்லாமல் அரித்துவிடும். காலையில் எழும்போது முழங்காலோ விரலோ விறைப்பாக இருக்கிறது என்று மகள் சொன்னதுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னும் இரண்டு சோதனை. ஒரு தட்டையான ஐஸ்கிரீம் குச்சியைக் கடைவாய்ப் பற்களுக்குக் குறுக்கே வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். குச்சி கண்களின் கோட்டுக்கு இணையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் தூக்கியிருந்தால் மேல்தாடையும் கோணலைப் பின்தொடர்ந்து மாறியிருக்கிறது என்று பொருள். அப்புறம் வாயை முழுதாகத் திறக்கச் சொல்லி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இயல்பு. அவளுடைய மூன்று விரல் அடுக்காக உள்ளே போனால் கவலை வேண்டாம். எண்ணைவிட, மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்பதுதான் முக்கியம். அடிபட்ட மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டத் தொடங்கினால் முதல் அறிகுறி அதுதான். வலியே இல்லாமல் திறப்பு குறைவதற்கு, மூட்டுக்கு முன்னால் உள்ள எலும்பு முனை நீண்டு வளர்ந்து கன்ன எலும்பில் தட்டுவதும் காரணமாக இருக்கலாம். அது பெரும்பாலும் பையன்களுக்கு வரும்.

அறுவை சிகிச்சை பற்றி. நீங்கள் இணையத்தில் பார்த்த விலா எலும்பு ஒட்டு உண்மைதான், ஆனால் தலையும் குழியும் இல்லாமலே பிறந்த குழந்தைகளுக்கு அது. புரூஸான்ஸ்கி 1969-இல் இந்தக் குறைகளைக் கடுமையின்படி மூன்று வகையாகப் பிரித்தார், 1988-இல் கபான் குழுவினர் நடு வகையை இரண்டாகப் பிரித்தார்கள். மூட்டு சிறியதாக இருந்தாலும் சரியான இடத்தில் இருந்து வேலை செய்கிறதா, இல்லையா என்பதுதான் அந்தப் பிரிவின் கோடு. வேலை செய்யும் மூட்டை யாரும் எடுத்துவிட்டு வேறு வைப்பதில்லை. விலா எலும்பு ஒட்டில் ஒரு தலைவலி உண்டு: சிலருக்கு அது வளராமல் நின்றுவிடும், சிலருக்கு அளவுக்கு மீறி வளர்ந்து மோவாயை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். தாடையை வெட்டி நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டும் முறையை 1992-இல் நியூயார்க்கில் மெக்கார்த்தி முகத்துக்குக் கொண்டுவந்தார். அதுவும் மூச்சுக்கே சிரமப்படும் குழந்தைகளுக்குப் பெரிய வரம். லேசான கோணலுக்கு அல்ல. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் இந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை. கோணல் கூடிக்கொண்டே போனால், வளர்ச்சி நின்ற பிறகு, பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதுக்கு மேல், தாடையைச் சீராக்கும் சிகிச்சை பற்றிப் பேசலாம். இடது பக்கம் மிதமிஞ்சி வளர்வது உறுதியானால் மட்டும் திட்டம் மாறும். எலும்பு ஸ்கேன் எடுத்து எந்தப் பக்கம் சுறுசுறுப்பு என்று பார்ப்பார்கள், ஆனால் 13 வயதில் இரண்டு பக்கமும் வளர்ந்துகொண்டிருப்பதால் அந்த ஸ்கேன் குழப்பத்தான் செய்யும். இப்போதே எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கம்பி போடலாமா என்றால், போடலாம், ஆனால் உடனே அல்ல. பற்களின் அச்சுவார்ப்பு, முகப்படம், சி.பி.சி.டி. மூன்றையும் முதல் பதிவாக வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து முகத்தையும் பற்களையும் மறுபடி பார்த்து, கோணல் நகர்கிறதா என்று தெரிந்த பிறகு தொடங்கினால் பிறகு வருந்த வேண்டாம். நகரும் தாடையில் பல்லை வரிசைப்படுத்தினால் இரண்டு வருஷத்தில் கடி மறுபடி மாறும். அரசாங்கப் பல் கிளினிக்கில் ஓ.பி.ஜி.யைக் காட்டி, பினாங்குப் பொது மருத்துவமனையின் வாய், முகத்தாடை அறுவைப் பிரிவுக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். கிளினிக்கில் பதிவுக்கு ஒன்றிரண்டு வெள்ளிதான் ஆகும். காத்திருப்பு நீளும், ஆனால் உங்கள் விஷயத்தில் காத்திருப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. கோலாலம்பூருக்கு வர முடிந்தால் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும் கேட்கலாம். படத்தின் மூலக் கோப்பைக் குறுவட்டிலோ பென்டிரைவிலோ வாங்கி வையுங்கள். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்ததை வைத்து யாரும் ஒப்பிட முடியாது. நடுவில் தாடையை நீவி நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் மகளின் முகத்தில் கை வைக்க விடாதீர்கள்.

வலி இல்லாத 'டக்' சத்தம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு, அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டாம். முறுக்கு, கரும்பு எதையும் நிறுத்த வேண்டாம், வலி வந்தால் மட்டும் சில வாரம் தள்ளி வையுங்கள். சிலம்பமும் ஆடட்டும். தனியாகச் சுழற்றும்போது ஒன்றும் வேண்டாம். எதிராளியோடு மோதும் பயிற்சியிலும் போட்டியிலும் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த காப்பு போட்டுக்கொள்ள வேண்டும். கம்பி போட்ட பிறகு அந்தக் காப்பைப் புதிதாக அளவெடுக்க வேண்டியிருக்கும். எப்போதாவது மோவாயில் அடி விழுந்து, மறுநாள் வாய் திறப்பு குறைந்தாலோ பற்கள் முன்புபோல் பொருந்தாவிட்டாலோ, வலி இல்லை என்று விட்டுவிடாமல் அந்த வாரத்துக்குள் படம் எடுத்துவிடுங்கள்.